அடுப்பை எடுக்க மாட்டாளாம்!

ஒரு அடுப்புக்காக யாராவது ஃபெயில் ஆவார்களா? போன மாதம் என் அண்ணன் மகள் பியூலா ஆனாள்.

தாராவியில் ஒற்றை அறை வீட்டிலிருந்து இன்டீரியர் டிசைன் கடைசி வருஷம் வரை வந்துவிட்ட பெண். கடைசி புராஜெக்ட் - காயம்பட்ட ராணுவ வீரர்கள் தங்கித் தேறுவதற்கு ஒரு விடுதி. படம் வரைந்து, தெர்மகோலில் மாடல் செய்து, தேர்வாளர்கள் முன்னால் வைத்தாள். எல்லாம் பிரமாதம் என்றார்களாம். ஆனால் ஒவ்வொரு அறையிலும் வீல்சேர் உயரத்துக்கு ஒரு குட்டி மேடை, அதன்மேல் ஒரு கரண்ட் அடுப்பு... இது எதற்கு? கீழேதான் மெஸ் இருக்கிறதே, வேளாவேளைக்கு டீ ரூமுக்கே வருமே? ஆபத்து. அடுப்பை எடுத்துவிட்டுக் கொண்டுவா, பாஸ் போடுகிறோம்.

இவள் எடுக்க மாட்டாளாம்!

பாஸ் ஆனால் வாஷியில் ஒரு ஆபீஸில் வேலை தயார். அண்ணன் போனில் புலம்பினார். நானும் அத்தை என்ற உரிமையில் புத்தி சொல்லப் போனேன். காகிதத்தில் இருக்கிற அடுப்புதானே, ரப்பரால் அழித்துவிட்டுப் போயேன்டி... முதலில் வேலை, அப்புறம் கொள்கை!

அவள் அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைத் தாணேக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே மாசிலாமணி அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர், கண்ணிவெடியில் இரண்டு கால்களையும் இழந்தவர். மகன் வீட்டில் இருக்கிறார். மருமகள் தங்கமானவள்... அவரை ஒரு துரும்பைக்கூட அசைக்க விடுவதில்லை. அடுக்களைக்குள் வீல்சேரும் நுழையாது.

அளவு சரிபார்க்க பியூலா அந்த மேடையை ப்ளைவுட்டில் செய்து, மேலே ஒரு கரண்ட் அடுப்பும் வைத்து, அவர் வீட்டு ஹாலில் போட்டிருந்தாள். அண்ணாச்சி வீல்சேரை அதன் அடியில் நகர்த்தினார். இஞ்சி தட்டினார். பாலை வைத்தார். அது பொங்கி வழிந்தது. நான் பதறி எழுந்தேன், மருமகளும் எழுந்தாள். நமக்குக் கை சும்மா இருக்குமா? ஒருத்தர் கொஞ்சம் தடுமாறினால் போதும், "நீங்க உக்காருங்க" என்று வேலையைப் பிடுங்கிவிடுவோம். அதற்கு அன்பு என்று பெயர் வேறு! பியூலா என் புடவையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

டம்ளரை நீட்டியபடி அண்ணாச்சி சொன்னார்:

"கால் போயி ஒம்பது வருசமாச்சும்மா. வீட்டுக்கு வந்தவங்களுக்கு நான் டீ குடுக்கது இன்னைக்குத்தான்."

சர்க்கரை தூக்கல். எனக்கோ அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. ரப்பரால் அழி என்று சொன்ன வாயை என்ன செய்வது?

செவ்வாய்க்கிழமை மறுபடி தேர்வு. அதே படம், அதே அடுப்பு. அறையில் இருக்கிற வீரர் கையைச் சுட்டுக்கொண்டால் யார் பொறுப்பு என்று கேட்டிருக்கிறார்கள். கோபம் வந்தால் இவளுக்கு இங்கிலீஷ் மறந்துவிடும், பம்பாய் ஹிந்திதான் வரும். அவள் திருப்பிக் கேட்டதை எனக்குத் தமிழில் சொன்னாள்:

"அந்தக் கையில துப்பாக்கியக் குடுத்தப்போ இத யாராச்சும் கேட்டாவளா, அத்தை?"

மறுபடியும் ஃபெயில். வாஷி வேலையும் போயிற்று. அண்ணன் அவளோடு பேசுவதில்லை. என்னோடும்தான், ஏனென்றால் நான் இப்போது அவள் கட்சி.

மூன்றாவது தேர்வு வருகிறது. அடுப்பு அப்படியேதான் இருக்கும். இந்தத் தடவை ப்ளைவுட் மேடையும் போகிறது, அண்ணாச்சியும் போகிறார். தேர்வாளர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்...

பால் பொங்கினால் யாரும் எழுந்து வர வேண்டாம்.