பெயரை மறைத்தேன், ஆடுகளை மறைக்கவில்லை

பழைய வானொலிக்காரர்கள் நாங்கள் கூடினால் சிரிப்புக்குக் குறைவிருக்காது. இந்தக் கதையை மட்டும் நான் அங்கே சொன்னதில்லை.

எண்பதுகளில், ஜவ்வாது மலை விவசாயி வெள்ளையன், சந்தன மரம் வெட்டும் கும்பலைப் பற்றி என்னிடம் பேசினார். "எம்பேரு வெளிய வரக்கூடாது சார்" என்றார். அவர் சொன்னதை என் குரலிலேயே படித்தேன். வெறும் வாசிப்பு வறட்சியாக இருந்ததால், அவர் வீட்டில் பதிவுசெய்த ஒலியைப் பின்னணியில் சேர்த்தேன். அவர் மனைவி ஆடுகளைக் கூப்பிடும் சத்தம் அது.

ஒலிபரப்பான மாலை, ஜமுனாமரத்தூர் டீக்கடையில் அவரோடு பெருமையாக உட்கார்ந்திருந்தேன். கடை ரேடியோவில் அந்தச் சத்தம் வந்ததும் வெள்ளையன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். மலையில் ஆடு கூப்பிடும் விதம் வீட்டுக்கு வீடு வேறு என்பது எனக்குத் தெரியாது. பக்கத்து பெஞ்சில் இருந்த, அந்தக் கும்பலின் ஆட்கள் மூவருக்குத் தெரிந்திருந்தது.

"இது உம் பொண்டாட்டி தானடா!"

வெள்ளையனின் முடியைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து, கோடரிக் காம்பால் அடித்தார்கள். ரேடியோவில் என் குரல் ஓடிக்கொண்டிருக்க, அவர் முழங்கை முறிந்தது. தடுக்கப் போன எனக்கு இரண்டு பல் போயிற்று.

போளூர் ஆஸ்பத்திரியில் வெள்ளையன் சொன்னார்: "பேரை மறைச்சீங்க சார். வூட்ட மறைக்கலியே."

இன்று பேத்தி செல்போனில் எதைப் பதிவுசெய்து காட்டினாலும், பின்னால் என்ன கேட்கிறது என்றுதான் முதலில் கவனிக்கிறேன்.

வெள்ளையனின் மனைவி அதன்பிறகு ஆடுகளைக் கூப்பிட்டதே இல்லை. காடுவரை நடந்துபோய், வாய் திறக்காமல் ஓட்டிவந்தார்.