சூடு இறங்காத இடம்

பரிமளா அம்மா போய்விட்டார் என்று காலையில் அவருடைய மகள் கீழ்பென்னாத்தூரிலிருந்து போனில் சொன்னார். டயாலிசிஸில் இருந்தவர்தானே, எதிர்பார்த்ததுதானே என்று என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை.

வேங்கிக்காலுக்கு அப்பால், பிளைவுட்டின் இருபுறமும் ஃபைபர் தகடு ஒட்டிக் கூரைப்பலகை செய்யும் கம்பெனியில் அவர் தரம் பார்த்தார். நான் லாரி ஏற்றி அனுப்பினேன். பலகையை விளக்கால் சூடாக்கி வெப்பக் கேமராவில் பார்ப்பார். ஒட்டிய இடத்தில் சூடு உள்ளே இறங்கிவிடும். ஒட்டாத இடத்தில் மேலேயே தங்கி, திரையில் வெள்ளையாகத் தெரியும். அதற்கு அவர் வைத்த பெயர் ‘பொய்’.

சேர்ந்த புதிதில், ஒரு பலகைமேல் கையூன்றிக் கதையளந்துகொண்டிருந்தேன். திரையில் என் ஐந்து விரல்களும் வெள்ளையாக விழுந்திருந்தன.

“கைய எடுங்க சார். எடுத்தாலும் உங்க சூடு அங்கயேதான் நிக்கும். எது பொய், எது உங்க கைனு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

போன வருஷம் அடி அண்ணாமலைப் பக்கம், கிரிவலப் பாதையில் ஒரு நிழற்கூரைக்குப் பலகைகள் செய்தோம். பாதிப் பலகைகளில் சாக்பீஸால் ‘பொய்’ என்று எழுதி ஒதுக்கிவிட்டார். முதலாளி நேரில் வந்தார்.

“பௌர்ணமிக்குள்ள போயாகணும்மா. கொஞ்சம் கம்மியா ஒட்டியிருந்தா என்ன?”

“கம்மி ஜாஸ்தினு இதுல இல்லீங்க. கீழ ஜனங்க நிக்கப் போறாங்க.”

அவர் டயாலிசிஸுக்குப் போயிருந்த ஒரு நாளில், சாக்பீஸ் எழுத்தைத் துடைத்துவிட்டு, எனக்கும் சொல்லாமல் முதலாளியே வெளி லாரியில் ஏற்றிவிட்டார். பாவி மனுஷன். மழைக்காலத்தில் தகடு பிரிந்து விழுந்து, கீழே பூக்கட்டிக்கொண்டிருந்த முனியம்மாவின் வலது கை நசுங்கியது. அந்தக் கை இனி உதவாது என்று சொல்லிவிட்டார்கள்.

நீங்கள் அன்றே சொன்னீர்களே என்றேன். பரிமளா அம்மா தலையில் அடித்துக்கொண்டார். “என் வார்த்தை பொய்யாப் போயிருக்கக் கூடாதா சார்?” அதன்பின் அவர் வேலைக்கு வரவில்லை.

இன்று அவரை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தார்கள். முனியம்மா வந்திருந்தார். இடது கையைக் கண்ணாடிமேல் வைத்து வெகுநேரம் அழுதார். அவர் நகர்ந்த பிறகும், பனித்திருந்த கண்ணாடியில் அந்த ஐந்து விரல்களும் அப்படியே நின்றன. அதைத் துணியால் துடைக்கப் போன ஒருவரை நான் தடுத்தேன்.

போய் வாருங்கள், அம்மா. இந்த ஒரு கையை மட்டும் எடுக்கச் சொல்லாதீர்கள். இதில் பொய் இல்லை.