செல்லுக்கும் ஒரு வேளை

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். ஆய்வேட்டை எழுதி முடிக்கச் சின்னக் காஞ்சிபுரம் வீட்டுக்கு வந்திருந்தேன். தையில் எனக்குக் கல்யாணம். அதற்குள் சமர்ப்பிக்காவிட்டால் படிப்பு அதோடு சரி என்பது அம்மாவின் ஏற்பாடு.

நான் ஆராய்ந்தது ஈஸ்ட் செல்களை. ஒளிரும் புரதம் ஒன்றைச் செய்யும் மரபணுவை அவற்றுள் செருகியிருந்தோம். எல்லாவற்றுக்கும் ஒரே மரபணு, ஒரே தீனி. ஆனாலும் ஒரு செல் பளிச்சென்று ஒளிரும், பக்கத்துச் செல் மங்கிக் கிடக்கும். மரபணு தற்செயலாக விழித்துத் தூங்குவதுதான் காரணம் என்று பக்கம் பக்கமாக எழுதிவைத்திருந்தேன்.

எழுத்து வேகமாக நகரவில்லை. கல்யாணத்தைச் சித்திரைக்குத் தள்ளச் சொல்லி அம்மாவிடம் பேசுமாறு அப்பாவைக் கெஞ்சினேன்.

“இப்போ வேண்டாம். அடுப்படியில மடியா தளிகை பண்ணிண்டிருக்கா, வள்ளுனு விழுவா. சாப்பிட்டு எழுந்தப்புறம் கேக்கலாம்,” என்றார்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதே அம்மா, அதே கேள்வி. காலையில் கேட்டால் திட்டு, மாலையில் கேட்டால் சரி. ஆனால் அன்று அதைக் கேட்டதும் என் செல்கள் நினைவுக்கு வந்தன. செல்லும் வளர்கிறது, மரபணுவை நகலெடுத்து இரண்டாக்குகிறது, பிறகு மொட்டு விட்டுப் பிரிகிறது. இரண்டு நகல் இருக்கும்போது ஒளி கூடாதா? எந்தச் செல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்காமல், மொத்தமாக அளந்துவிட்டுத் தற்செயல் என்று பெயர் சூட்டியிருந்தேன். எனக்கு முனைவர் பட்டம் ஒரு கேடு.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். ஒரே கட்டத்துச் செல்களை மட்டும் பிரித்து அளக்கும்படி சென்னை ஆய்வகத் தோழியிடம் சொன்னேன். சில நாள் கழித்து அதே பூத்திலிருந்து அவளை மறுபடி அழைத்தேன்.

“மொட்டு விடாத சின்ன செல்லா எடுத்துப் பார்த்தேன்பா,” என்றாள். “வித்தியாசம் முக்கால்வாசி காணோம். கொஞ்சந்தான் மிச்சம் இருக்குது.”

“அந்தக் கொஞ்சமாவது நிஜமா?”

“திரும்பத் திரும்ப அளந்தாத்தான் தெரியும். ஒரு வருஷம் ஆவும்பா.”

வீடு திரும்பியபோது அம்மா மடிப்புடவையோடு அடுப்பு முன்னால் நின்றிருந்தாள். கேட்கக் கூடாத வேளை. எனக்குப் பொறுக்கவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

“இன்னும் ஒரு வருஷமா? அவா காத்திண்டிருக்க மாட்டா,” என்றாள். குழம்பை இறக்கி வைத்தாள். “தப்புன்னு தெரிஞ்சே எழுதிக் குடுத்துட்டு வந்து மணையில உக்காருவியா? போ, திரும்ப அளந்து பாரு.”

மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கவில்லை. அந்த மிச்சமும் கரைந்துபோனால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற பயத்தோடுதான் நான் சென்னைக்குப் பஸ் ஏறினேன்.