பதில் தெரியாத டீச்சர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. பக்கத்துப் போர்ஷனில் ஓர் அக்கா இருந்தார். காசிமேட்டில் இறால் உரிக்கும் வேலை, வயது முப்பத்தொன்பது. ஒரு பள்ளியில் உதவியாளர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். எட்டாவது பாஸாகியிருக்க வேண்டும், நாற்பதைத் தாண்டியிருக்கக் கூடாது. அக்காவுக்குத் தனித்தேர்வு எழுத அந்த ஒரு தடவைதான் வாய்ப்பு. நான் பி.காம். என்பதால் கணக்கு சொல்லித் தரக் கேட்டார். என்னைவிடப் பத்து வயது பெரியவர் முதல் நாளே 'டீச்சர்' என்று கூப்பிட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

x + 7 = 15. ஏழை அந்தப் பக்கம் கொண்டுபோனால் மைனஸ், பதினைந்தில் ஏழு போக எட்டு என்று படிப்படியாக எழுதிக் காட்டினேன். அக்கா பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்தாண்ட போனா ஏன் டீச்சர் மைனஸ் ஆவுது?"

எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை. அதைச் சொல்ல வாய் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தால் பாஸாக முடியாது, அப்படியே மனப்பாடம் பண்ணுங்கள் என்றேன். அதற்குப் பிறகு அவர் எதையுமே கேட்கவில்லை. இறால் முள் குத்திய விரல்களால் அதே கணக்கைப் பக்கம் பக்கமாக எழுதிப் பழகினார்.

தேர்வு முடிந்து முகம் வாடி வந்தார்.

"நான் கரீட்டாதான் டீச்சர் எய்தினேன். அவங்கதான் நம்பர மாத்திட்டாங்க."

வினாத்தாளில் x + 9 = 20. அக்கா ஒரு படி விடாமல் எழுதி, கடைசியில் x = 8 என்று முடித்திருந்தார். கணக்கில் ஃபெயில். அந்த வேலையும் கை நழுவிப் போனது.

சில மாதம் கழித்து மீன் வாங்கக் காசிமேடு போயிருந்தேன். அக்கா உரித்த இறாலைக் கூடையோடு தராசில் வைத்தார். ஒன்பது கிலோ காட்டியது. "கூட ஒண்ணு போவ எறா எட்டு" என்று அவரே சொல்ல, எடை போட்டவர் எழுதிக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. x + 1 = 9. இரண்டு பக்கமும் கூடையின் எடையை எடுத்துவிட்டால் மிச்சம் இறால், அவ்வளவுதான் அந்த மைனஸ். தினமும் அக்கா போடுகிற கணக்கு.

என்னைப் பார்த்ததும், எங்க டீச்சர் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார். நிற்க முடியாமல் மீன்கூட வாங்காமல் வந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் யாராவது ஏன் என்று கேட்டால், தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதைச் சொல்லியிருக்க வேண்டியது அந்த அக்காவிடம்தான்.