ஐந்து லட்சத்துக்கு எத்தனை மாதம்

அம்மாவைக் காசு கட்டுகிற முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறேன் என்று சொன்னால், ஹட்டனில் பாதிப்பேர் என்னைப் பணக்காரி என்று நினைக்கிறார்கள். மீதிப்பேர் பாவி என்று நினைக்கிறார்கள். முதல் பாதிக்கு மட்டும்தான் என்னால் பதில் சொல்ல முடியும். நான் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு டீச்சர். என் சம்பளச் சிட்டையில் மேலே ஒரு தொகை இருக்கும், கீழே ஒரு தொகை இருக்கும், நடுவில் இரண்டு கடன் இருக்கும். வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு கடைக்கு மேலே செங்குத்தான படி ஏறிப் போனால் வாடகைக்கு இரண்டு அறை. ஒன்றில் அவருடைய அம்மா நாலு வருடமாகப் படுத்த படுக்கை. மற்றதில் நாங்கள் இரண்டு பேரும் எங்கள் இரண்டு பிள்ளைகளும்.

இதைக் கேட்டும், "பெத்த தாய ஒரு மூலையில வச்சுக்க முடியாதா?" என்று கேட்டவர்கள் உண்டு. எந்த மூலை என்று அவர்கள் யாரும் வந்து காட்டவில்லை.

அம்மா லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஓர் அறைக் காம்பராவில் தனியாக இருந்தாள். முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவள். ஓய்வு பெற்ற பிறகும் விடியற்காலையில் எழுந்து வாசல் இஸ்தோப்பைக் கூட்டி, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பாள். போன வருடம் ஜூலை மழையில், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு. நுவரெலியா ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். விடுகிற அன்றைக்கு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த வயசுல இப்படி உடைஞ்சா, ஒரு வருஷம் தாண்டுறதே பெரிய விஷயம் டீச்சர். நல்லாப் பாத்துக்கங்க" என்றார். அவர் கரிசனத்தோடுதான் சொன்னார். நான் அதை எப்படி எடுத்துக்கொண்டேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கே வைப்பது? அவளால் கக்கூசுக்குத் தனியாகப் போக முடியாது. லயத்தில் கக்கூஸ் பின்னால், பத்துப் படி இறங்கி. துணைக்கு ஆள் தேடினேன். பகலுக்கு மட்டும் வருகிறேன் என்றவள் கேட்டது, கொழுந்து பறிக்க மலைக்குப் போனால் கிடைக்கும் நாட்சம்பளத்தைவிட அதிகம். இரவு தங்க யாரும் இல்லை. கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லம் ஒன்றுக்குப் போனேன். காசே வாங்குவதில்லையாம், அருமையான இடம். ஆனால் பிள்ளைகள் இல்லாதவர்களைத்தான் எடுப்பார்களாம். எனக்கும் தம்பிக்கும் உயிர் இருந்தது, அதுதான் அங்கே குறையாகப் போய்விட்டது.

கடைசியில் நுவரெலியா போகிற ரோட்டில், ஓய்வு பெற்ற தாதி ஒருவர் தன் வீட்டையே இல்லமாக்கி நடத்துகிறார் என்று கேள்விப்பட்டேன். எட்டுக் கட்டில். எல்லோரும் அவரை மேட்ரன் மிஸ் என்பார்கள். மாதம் நாற்பதாயிரம். சாப்பாடு, குளிப்பாட்டுதல், துணி துவைத்தல் அதற்குள் அடக்கம். மருந்தும் பம்பர்ஸும் கிளினிக்குக்குக் கொண்டுபோகிற வாகனமும் வெளியே. அவர் சொல்லச் சொல்ல நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

தம்பி கொழும்பில் ஹார்ட்வேர் கடையில் நிற்கிறான். போன் எடுத்தேன்.

"நீயே பாத்து முடிவெடுக்கா. நான் மாசம் பத்து அனுப்புறேன்."

இரண்டு மாதம் அனுப்பினான். மூன்றாம் மாதத்திலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க மாட்டான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவனுக்கும் மூன்று பிள்ளைகள். ஆனால் திட்டாமலும் இல்லை, மனசுக்குள் நன்றாகவே திட்டினேன்.

அம்மா ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதி, சர்வீஸ் காசு எல்லாம் எங்கே என்று கேட்பீர்கள். நாங்கள்தான் தின்றோம். பாதி என் டீச்சர் படிப்புக்கு. மீதியில் ஒரு பங்கு, தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்று சொன்ன ஏஜென்சிக்காரனுக்கு. அவன் தம்பியை அனுப்பவில்லை, அவன்தான் போனான். எஞ்சியதில் அம்மா காம்பராவுக்குச் சீமெந்துத் தரை போட்டு, பின்னால் தகரம் அடித்துச் சமைக்க ஒரு குசினி இறக்கினாள். அரசாங்கம் கொடுக்கிற முதியோர் காசு ஒன்று தபாற்கந்தோரில் கிடைக்கும். அது ஒரு வாரப் பம்பர்ஸுக்குக்கூடக் காணாது.

மிச்சமிருந்தது அந்தக் காம்பரா ஒன்றுதான்.

லயத்துக் காம்பரா யாருக்கும் சொந்தமில்லை, தோட்டத்துக்குச் சொந்தம். எழுத்தும் இல்லை, உறுதிப் பத்திரமும் இல்லை. ஆனாலும் மூன்று தலைமுறை இருந்துவிட்டால் அதைக் கைமாற்றுவது வழக்கத்தில் இருக்கிறது. தோட்டத்துத் தலைவரைச் சாட்சிக்கு வைத்து, வெற்றிலை வைத்துக் காசு கொடுப்பார்கள். ஆபீஸில் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள். அதே லயத்தில், மாமியார் காம்பராவில் ஏழு பேரோடு நெருங்கிக் கிடந்த ஒரு இளம் புருஷனும் பெண்சாதியும் கேட்டார்கள். நகையை அடகு வைத்து, குவைத்தில் வேலை செய்கிற அக்காவிடம் வாங்கி, ஐந்து லட்சம் கொண்டுவந்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். "அம்மாகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லிராதீங்க. நானே சமயம் பாத்துச் சொல்லிக்கிறேன்." அந்தப் பெண் தலையாட்டினாள்.

அம்மாவிடம் நான் சொன்னது வேறு. "கால் சரியாகுற வரைக்கும்தாம்மா. ரெண்டு மாசம்." அவள் அதை நம்பினாள். சாமி படங்களை அப்படியே இருக்கட்டும் என்றாள். அடுப்படிப் பானையில் அரிசி இருக்கிறது, பூச்சி பிடிப்பதற்கு முன் யாருக்காவது கொடுத்துவிடு என்றாள். நான் போய்ப் படங்களைக் கழற்றி, துணியில் சுற்றி, என் கட்டிலுக்கடியில் வைத்தேன். அரிசியை நானே கொண்டுபோய்ச் சமைத்தேன்.

மேட்ரன் மிஸ்ஸைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். காலையும் மாலையும் அம்மாவைப் பிடித்து நடக்க வைத்தார். குளிருக்குச் சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்தார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போவேன். போனவுடன் அம்மா கேட்பாள்:

"எப்ப பிள்ள வீட்டுக்குப் போறது? மழைக்கு முந்தி தகரத்துக்குத் தார் பூசணும்."

"தம்பி வந்து பூசுவாம்மா."

"அவன் எங்க வரப்போறான். நான் போயி ஆள் புடிச்சுச் செஞ்சுக்கிறேன்."

மூன்றாம் மாதம் கழித்து அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். தகரம், தார், எதுவும் இல்லை. அப்பாடா, மறந்துவிட்டாள், வயசாகிவிட்டது என்று நினைத்தேன். நான்தான் பைத்தியக்காரி.

ஐந்தாம் மாதக் காசைக் கட்டப் போனபோது மேட்ரன் மிஸ் கேட்டார், "அன்னைக்கி அம்மாவப் பாக்க வந்திச்சே ஒரு பிள்ளை, வயித்துல குழந்தையோட. அதுக்குப் பொறந்திருச்சா?"

"எந்தப் பிள்ளை மிஸ்?"

"உங்க தோட்டத்துப் பிள்ளைதானே. புருஷனும் வந்தாரு. ஆப்பிள், வெத்தலை எல்லாம் கொண்டாந்தாங்க."

ரோட்டுக்கு வந்து அந்தப் பெண்ணுக்குப் போன் எடுத்தேன். நான் கத்தியதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். பால் காய்ச்ச நாள் குறிச்சிட்டோம். அந்தக் காம்பராவுல அத்தன வருஷம் வெளக்கேத்துனவங்க. அவங்க வாயால சரின்னு சொல்லாம எப்படி டீச்சர் அடுப்பு மூட்டுறது? வயித்துல வேற பிள்ள. பயமா இருந்துச்சு. அதான் வெத்தலையோட போயி உத்தரவு கேட்டோம்."

அவளை என்ன சொல்ல? எங்கள் லயத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். டவுனுக்கு வந்து பத்து வருடத்தில் அது எனக்கு மறந்துபோயிருந்தது. மூடி மறைக்கலாம் என்று நான் நினைத்தது அதனால்தான்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"அடுப்பு மூலையில தண்ணி ஒழுகும், சீமெந்து வச்சு அடைங்கன்னாங்க. மடியில இருந்து நூறு ரூவா எடுத்து, பால் வாங்கிக்கன்னு என் கையில குடுத்தாங்க. பொறகு, எவ்வளவுக்கு முடிஞ்சிச்சுன்னு கேட்டாங்க."

"சொன்னியா?"

"பெரியவங்ககிட்டப் பொய் சொல்ல முடியுமா டீச்சர்?"

நான் சொல்லிக்கொண்டிருந்தேன், மூன்று மாதமாக, வாரம் தவறாமல்.

அடுத்த ஞாயிறு போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "அம்மா, காம்பராவக் குடுத்துட்டேன்" என்றேன்.

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல?"

"நீயே சொல்லுவன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்." கோபம் இல்லாமல்தான் சொன்னாள். "கஷ்டத்துலதான செஞ்ச. விடு."

திட்டியிருந்தால் அழுதிருப்பேன். அவள் திட்டவில்லை. போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "இங்க மாசம் எவ்வளவு கட்டுற?" என்று கேட்டாள். இனி எதற்குப் பொய் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது, மருந்து, பம்பர்ஸ், வாகனம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தராசில் தன் கொழுந்தை நிறுக்கும்போது ஒரு கிலோ குறைந்தால் கணக்கப்பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்கிறவள். விரல் கணுக்களில் கட்டை விரலை வைத்து ஓட்டினாள்.

"பத்து மாசம் வரும். அஞ்சு போச்சு. அப்ப, மே மாசம் வரைக்கும்."

"ஆமாம்மா."

"அது போதும்."

என்ன போதும் என்று கேட்டேன். அவள் என் பெரிய மகனுக்கு எப்போது பரீட்சை என்று கேட்டாள்.

எனக்குத் தெரியும், என்ன போதும் என்று. இதை எழுத நான் ஆறு மாதமாகக் கையைப் பிசைந்துகொண்டிருக்கிறேன். அந்த ஐந்து லட்சத்தைக் கையில் வாங்கிய அன்று நானும் இதே கணக்கைத்தான் போட்டேன். ஒரு வருஷம் தாண்டாது என்று டாக்டர் சொன்னார். காசு பத்து மாதத்துக்குக் காணும். அதற்குமேல் தேவைப்படாது என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, நிம்மதியாகவும் இருந்தேன். வீட்டுக்காரரிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை. யாரிடமும் சொல்லாத அந்தக் கணக்கை அம்மா ஒரே நிமிஷத்தில் விரலில் போட்டு முடித்துவிட்டாள். போட்டுவிட்டு அதற்குச் சம்மதமும் சொல்லிவிட்டாள்.

ஆனால் அவள் உடம்பு அந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லை. பெப்ரவரியில் பம்பர்ஸ் தேவையில்லாமல் போனது. மார்ச்சில் நாலுகால் தடியை விட்டுவிட்டு ஒற்றைத் தடியோடு நடந்தாள். பக்கத்துக் கட்டில்காரிக்குத் தலைவாரி விட்டாள். இலவசமாக எடுக்கிற வேறு இல்லங்களுக்கு எழுதிப் போட்டேன், பிரதேச செயலகத்துக்கு லீவு போட்டுப் போய் நின்றேன், வட்டிக்குக் கேட்டேன், வீட்டுக்காரர் ஆட்டோவை விற்கலாமா என்றுகூடக் கேட்டார். ஆட்டோவை விற்றால் அவருடைய அம்மாவுக்கு மருந்து யார் வாங்குவது?

மேட்ரன் மிஸ்ஸுக்குப் பெருமை பிடிபடவில்லை. "இந்த வயசுல இப்படி எழும்பினவங்களை நான் பாத்ததே இல்லை. அம்மா இன்னும் பத்து வருஷம் இருப்பாங்க, பாருங்க" என்றார். வேறொரு மகளாக இருந்தால் கோயிலுக்குப் போய் அர்ச்சனை வைத்திருப்பாள். நான் பத்து வருஷத்தை நாற்பதாயிரத்தால் பெருக்கிப் பார்த்தேன். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்ததால் சிரித்தேன்.

மே மாதக் காசைக் கட்டிவிட்டு ரசீதை மடித்துப் பையில் வைத்தேன். கடைசி நாற்பது அது. அம்மா வெளியே பெஞ்சில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"முடிஞ்சிருச்சா?"

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேம்மா."

அவள் தன் காலைத் தடவிவிட்டுக்கொண்டாள். பிறகு, காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்குப் பிந்திப்போய், மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கிடம் காரணம் சொல்கிறவள் மாதிரி, தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"போன கெழம ரெண்டு நாள் நல்ல காய்ச்சல் வந்துச்சு பிள்ள. சரி, இதுதான்னு இருந்தேன். மேட்ரன் மிஸ் மருந்து குடுத்து நிப்பாட்டிட்டாங்க. நான் என்ன செய்யட்டும், கொஞ்சம் பொறுத்துக்க."