இருபத்துநான்கு மணி நேர நோட்டீஸ்

தொண்ணூறுகளின் நடுவில் ரொறொன்ரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு பில்டிங்கில் மெயின்ரனன்ஸ் வேலை பார்த்தேன். கரப்பான் மருந்து அடிப்பதற்கு முதல் நாள் வீடு வீடாகக் கதவுக்குக் கீழே நோட்டீஸ் தள்ளுவேன். இருபத்துநான்கு மணி நேரத்தில் உள்ளே வருவோம், அலுமாரிகளைக் காலி செய்துவிட்டு வெளியே இருங்கள் என்று அதில் இருக்கும்.

ஒருமுறை மருந்தடிக்கும் நாளில் ஏழாம் மாடியில் மிசிஸ் மோரி கதவைத் திறக்கவில்லை. எழுபது தாண்டிய ஜப்பானிய அம்மா, தனியாக இருப்பவர். மாஸ்ரர் கீ போட்டேன், உள்ளே சங்கிலி. கூப்பிட்டும் பதில் இல்லை. கீழே போய்ப் பில்டிங் பொறுப்பாளரைக் கூட்டிவந்தேன்.

"விழுந்து கிடக்குதோ தெரியேல்லை. சங்கிலியை வெட்டு," என்றார் சுப்பரின்ரென்டன் சிவம் அண்ணை.

வெட்டினேன். மிசிஸ் மோரி குளிர்கோட்டுப் போட்டு, மடியில் சூட்கேசோடு, கதவைப் பார்த்தபடி இருந்தார். என் கையிலிருந்த கட்டரைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"ஒரு பெட்டிதான் எடுத்தேன். என்னை எங்கே கொண்டுபோகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கட்டரை வெளியே வைத்துவிட்டு வந்து நிலத்தில் இருந்தேன். மெல்ல மெல்லச் சொன்னார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அவருடைய தகப்பன் கனடாவின் மேற்குக் கரையில் மீன்பிடிகாரர். ஜப்பானியர் எல்லோரும் எதிரிகள் என்று நேவி படகைக் கொண்டுபோனது. பிறகு இருபத்துநான்கு மணி நேரத்தில் வெளிக்கிடச் சொன்னார்கள். பத்திரமாகப் பார்ப்போம் என்ற அரசாங்கமே, இவர்கள் மலைக்குள் முகாமில் இருந்தபோது படகையும் வீட்டையும் விற்றுவிட்டது.

"நான் இந்த நாட்டில் பிறந்தவள். படகு திரும்பக் கிடைக்கும் என்று அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பாதியில் வைத்துவிட்டு வந்தோம்."

சிவம் அண்ணை எட்டிப் பார்த்தார். "மருந்துக்காரர் நிக்கினம். கெதியாய் அனுப்பும்."

"இண்டைக்கு இந்த வீட்டை விடுவம் அண்ணை."

"விட்டா மற்ற வீடுகளுக்கும் கரப்பான் திரும்பப் பரவும். ஒஃபிஸ் என்னைத்தான் கேக்கும்."

"நாலு மணிக்குத் திரும்பி வரலாம். கதவை நீங்களே பூட்டுங்கள்," என்று மிசிஸ் மோரியிடம் சொன்னேன்.

"அப்போதும் திரும்பி வரலாம் என்றுதான் சொன்னார்கள்."

பிறகும் கொஞ்ச நேரம் சொல்லிப் பார்த்தேன். கடைசியில், கதவு தெரிகிற இடத்தில் இருக்கவிட்டால் சம்மதம் என்றார். கொரிடோர் முடிகிற அந்தலையில் கதிரை போட்டுக் கொடுத்து, பக்கத்தில் நானும் இருந்தேன். லிஃப்ட் திறக்கும்போதெல்லாம் சூட்கேசை இறுக்கிப் பிடித்தார். அந்தப் பயம் எனக்கும் தொற்றிவிட்டது. மருந்துக்காரர் ஒரு பையோடு வெளியே வந்தபோது, அதற்குள் என்ன என்று கேட்டுத் திறந்து பார்த்தேன்.

நாலு மணிக்கு உள்ளே போய் ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். பிறகுதான் கோட்டைக் கழற்றினார். நான் புதுச் சங்கிலி பூட்டிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நோட்டீசைக் கதவுக்குக் கீழே தள்ளியதில்லை. கதவைத் தட்டுவேன். ஏன் வருகிறோம் என்பதற்கு முன்னால், எத்தனை மணிக்குத் திரும்பி வரலாம் என்று சொல்வேன். அந்தக் கட்டடத்தில் இருந்த, இலங்கை யுத்தத்தில் வீட்டை விட்டு வெளிக்கிட்டு வந்த எங்கள் ஆட்களும் முதலில் கேட்டது அதைத்தான்.