துணைக்கு வாங்கிய மீன்

போன விடுமுறைக்கு வந்த என் கணவர், நான் தனியாக இருக்கிறேனே என்று ஒரு சின்னக் கடல்மீன் தொட்டியும் ஒரு நீல டாம்சல் மீனும் வாங்கி வைத்துவிட்டு மஸ்கட் திரும்பினார். ஆரணி வீட்டில் பட்டுச் சேலைகளுக்குக் குஞ்சம் கட்டியபடி நாள் முழுக்க அந்த மீனிடம்தான் பேசுவேன். அதுவும் ஒண்டியாகச் சுற்றுகிறதே என்று மனசு கேட்கவில்லை. வேலூர் போனபோது, யாரிடமும் விசாரிக்காமல் அதே போல இன்னொன்று வாங்கி வந்து தொட்டியில் விட்டேன்.

சற்று நேரத்திலேயே பழைய மீன் புதியதைத் துரத்தித் துரத்திக் கடித்தது. வால் கிழிந்த புது மீன் மூலையில் சாய்ந்து கிடந்தது. விற்ற கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"ஏற்கெனவே ஒண்ணு இருக்குன்னு சொல்லலியேம்மா! சின்னத் தொட்டியில அது வேற மீனை அண்ட விடாதுங்க. ஜல்தி பிரிச்சு வைங்க" என்றார்.

ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் துளைகள் போட்டு, தொட்டிக்குள்ளேயே புது மீனைத் தனியாக வைத்தேன். பிழைத்துக்கொண்டது. மறுநாளே பஸ் ஏறிப் போய்க் கடையில் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது தொட்டியின் அளவையும் உள்ளே இருக்கும் மீனையும் சொல்லிக் கேட்காமல் எதையும் வாங்குவதில்லை. என் டாம்சல் தனியாக நன்றாகவே இருக்கிறது. தனிமை தாங்காதது நான்தான். அதனால் மதியச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு அக்காவிடம் போய்விடுகிறேன்.